மூன்றாம் ஓலைக்கு முன்னால் ஒரு உலக சினிமா

பார்க்காத சினிமாவைப் பார்த்துவிட்டதாகச் சொல்லாத மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. நாலு பேர் ஒரு படத்தைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்று "நான் பாக்கலைங்க" என்று சொல்லத் தனித் தைரியம் வேண்டும். மற்றவர்கள் எல்லாம் "ஆமாமா, அந்தக் கடைசி சீன் இருக்கே..." என்று இழுத்துவிட்டு அடுத்தவர் வாயைப் பார்ப்பார்கள். (கடைசி சீன் இல்லாத படம் கிடையாது. அதனால் இந்த வசனம் தோற்றதே இல்லை.) நானும் அப்படிப் பல படங்களைப் பார்த்தவன்தான். ஆனால் மற்றவர்கள் நாலு பேர் முன்னால் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். நான் முந்நூறு பேர் முன்னால், மைக்கில், ஒரு மணி நேரம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எனக்கு மாமனாராக ஆகவேண்டியவர்.

தொண்ணூறுகளின் கடைசி. திண்டுக்கல்லில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நான் பயிற்சியாளர். வயது இருபத்தேழு. எனக்கும் ரெஜினாவுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். ரெஜினா கான்வென்ட் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவளுடைய அப்பா சூசை வாத்தியார், டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ரெஜினாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவள் அம்மா இறந்துவிட்டார். வாத்தியார் மறுகல்யாணம் செய்துகொள்ளாமல் ஒற்றை மகளை ஒற்றை ஆளாக வளர்த்தார். அவருக்குப் பிடிக்காதவை இரண்டு. ஒன்று, ஸ்டெப் எழுதாமல் விடை மட்டும் எழுதுவது. இன்னொன்று, பொய்.

எங்கள் கத்தோலிக்க சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதாவது இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று பூசை முடிவில் அறிவிப்பார்கள். மூன்று ஓலைக்கும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் கல்யாணம். வழக்கமாக யாரும் திறப்பதில்லை. எங்களுக்கு முதல் ஓலை முடிந்திருந்தது. இரண்டாவது ஓலை வாசிக்கிற வாரத்தில்தான் பாலு அண்ணன் உலகத் திரைப்பட விழா நடத்தினார்.

பாலு அண்ணனுக்குப் பூட்டுக்கடை. கடையில் பூட்டு விற்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் உலக சினிமாதான். பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து ஒரு திரைப்படச் சங்கம் நடத்தினார். (நான் துணைச் செயலாளர். பொருளாளரும் நானே. பொருள் இல்லாததால் வேலை இல்லை.) மெட்ராஸிலிருந்து படப்பெட்டி வரவழைத்து மூன்று நாள் விழா நடத்த அவருக்கு ஒரு ஹால் தேவைப்பட்டது. பங்கு மண்டபத்தைக் கேட்டுச் சாமியாரிடம் போனோம். விழாவின் தலைப்பு என்ன என்று சாமியார் கேட்டார்.

"குடும்பம், காதல், இழப்பு, சாமி."

"நடுவுல உள்ளதுதான் இடிக்குது."

"முன்னாடி குடும்பம் நிக்குது, பின்னாடி இழப்பு நிக்குது. காதல் எங்க சாமி தப்பிச்சுப் போகும்?" என்றார் பாலு அண்ணன். சாமியார் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

சனிக்கிழமை முதல் படம். கூட்டம் என்னவோ நன்றாகத்தான் வந்தது. ஆனால் படம் பேசிய பாஷை எந்த நாட்டுப் பாஷை என்றே யாருக்கும் தெரியவில்லை. அடியில் எழுத்தும் ஓடவில்லை. இருபது நிமிஷத்தில் ஹாலில் பாதி காலி. மீதிப் பாதி தூங்கியது. அன்று சாயங்காலம் பாலு அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"அமலு, நாளைக்குப் படத்துக்கு நீ மைக்ல கதை சொல்லுடா. பாஸ்காவுக்குப் பேசுவியே, அந்த மாதிரி."

பாஸ்கா என்றால் எங்கள் பக்கத்தில் ஈஸ்டரை ஒட்டிப் போடுகிற பாடுகளின் நாடகம். மேடையில் இருப்பவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். வசனம் முழுவதையும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருவர் பேசுவார். ஆறு வருஷமாக அந்த ஒருவர் நான்தான். பிலாத்து, கயபா, இரண்டு கள்ளர்கள், தேவைப்பட்டால் சேவல், எல்லாம் என் குரல். இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. மேடையைப் பார்க்கவே வேண்டியதில்லை. அங்கே என்ன நடக்கும் என்பது இரண்டாயிரம் வருஷமாக எல்லோருக்கும் தெரியும். தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டே போகலாம். உலக சினிமாவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பாலு அண்ணன் தன் கைப்பட ஒரு பக்கத்துக்குக் கதைச் சுருக்கம் எழுதிக் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பூசை முடிவில் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மைக்கில் என் பெயரும் ரெஜினா பெயரும் ஒரே மூச்சில் வந்தபோது எனக்குக் காது அடைத்துப்போனது. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பூசை முடிந்து வெளியே வந்தால் பாலு அண்ணன் சைக்கிளோடு நிற்கிறார். என்னவோ சொன்னார். ஒரு தாளை நீட்டினார். நான் அதை வாங்கி வெள்ளைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு தலையாட்டினேன். கண் ரெஜினா மேல் இருந்தது. அவர் என்ன சொன்னார் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மெட்ராஸிலிருந்து பெட்டி மாறி வந்துவிட்டது, திங்கட்கிழமை போடவேண்டிய படத்தை இன்றைக்குப் போடுகிறோம், இந்தா புதுக் கதை. இதுதான் அவர் சொன்னது.

கடைசியாக அவர் கேட்ட ஒன்று மட்டும் காதில் விழுந்தது. காரணம், அப்போது சூசை வாத்தியார் மகளோடு எங்கள் பக்கம் வந்து நின்றிருந்தார்.

"இந்தப் படம் நீ பாத்திருக்கியாடா? இல்லன்னா இப்பவே வா, ஒரு தடவ ஓட்டிப் பாத்துருவோம்."

பாங்குப் பரீட்சை எழுத மெட்ராஸில் நாலு நாள் இருந்தவன் நான். மாமனார் முன்னால் அந்த நாலு நாளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? "ரெண்டு தடவ பாத்துட்டேண்ணே. மெட்ராஸ்ல" என்றேன்.

"ரெண்டு தடவயா!" என்றார் வாத்தியார். அந்தக் குரலில் இருந்த மதிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் என்னை மதித்துப் பார்த்த முதல் தடவை அது. அதற்கப்புறம் அந்தப் பார்வை திரும்பி வரப் பல வருஷம் ஆனது. "அப்ப நாங்களும் மத்தியானம் வாரோம். நீங்க சொன்னா வெளங்கும்ல" என்றார்.

வீட்டுக்குப் போனேன். மாமனார் வருகிறாரே என்று வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் புதுச் சட்டை மாட்டிக்கொண்டேன். புதுக் கதை பழைய சட்டையில் தங்கிவிட்டது. பழைய கதை என் கையில் இருந்தது.

மத்தியானம் இரண்டரை மணி. பங்கு மண்டபத்து ஜன்னல்களில் எல்லாம் போர்வை கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். மைக்கில் தமிழ்க் கதை என்ற சேதி பரவி முந்நூறு பேர் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் பாதிப் பேர் வயிற்றில் பிரியாணி. முதல் வரிசையில் சாமியார். இரண்டாம் வரிசையில் வாத்தியார், ரெஜினா, என் அம்மா. பாஸ்கா வழக்கப்படி நான் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கையில் மைக், ஒரு கையில் டார்ச், மடியில் தாள். பின்னால் இருந்து பார்த்தால் புரொஜெக்டர் வெளிச்சம் கண்ணைக் கூசும். படம் இடவலம் மாறித் தெரியும். எனவே பார்க்கவில்லை.

"கடலோரத்தில் ஒரு சின்னக் கிராமம்" என்று ஆரம்பித்தேன்.

"கடலு எங்கப்பா? மலையா இருக்கு" என்றது இருட்டில் ஒரு குரல்.

"மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும்யா. கதையக் கேளு" என்று இன்னொரு குரல் அதட்டியது. எனக்கு அந்த மனிதர் யாரென்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அவர்மேல் வழக்குப் போட்டிருப்பேன். அவர் அதட்டாவிட்டால் அப்போதே யாராவது என்னைப் பிடித்திருப்பார்கள்.

குடும்பம், காதல், இழப்பு பற்றிய படங்களில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒன்றின் கதை இன்னொன்றுக்கு நன்றாகவே பொருந்தும். என் தாளில் நோயில் கிடக்கும் ஒரு கிழவர் இருந்தார். திரையிலும் (இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது) ஒரு கிழவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என் தாளில் மகனும் மருமகளும் பட்டணத்திலிருந்து வந்து இறங்கினார்கள். திரையிலும் ஒரு இளைஞனும் ஒரு பெண்ணும் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். என் தாளில் அப்பா மகனோடு பேசவில்லை. திரையிலும் பேசவில்லை. பிறகு எல்லோரும் கறுப்பு உடுத்திக்கொண்டு ஒரு சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தார்கள். தாளில் அடுத்த வரி: அப்பா இறந்துவிடுகிறார்.

பெரிய வெள்ளிக்கிழமைக்கு என்று நான் ஒரு குரல் வைத்திருந்தேன். அதை எடுத்தேன். "இதோ, அந்தத் தகப்பன் தன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தையும் பேசாமலே கண்ணை மூடிவிட்டார்."

ஹாலில் சரசரவென்று சத்தம். முந்நூறு பேரும் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். யாரோ ஒரு அம்மா பழக்கதோஷத்தில் இறந்தவர்களுக்கான செபத்தை எடுத்துக் கொடுக்க, ஹால் முழுக்கப் பதில் சொல்லி முடித்தது. சாமியார் எழுந்தே நின்றுவிட்டாராம். எனக்கு என் குரலை நினைத்து எனக்கே புல்லரித்தது.

அடுத்த ஐந்தாவது நிமிஷம் செத்தவர் சைக்கிளில் வந்தார்.

இருட்டில் "யேசுவே!" என்று என் அம்மாவின் குரல். நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கிழவர் கையில் ஒரு கொத்துப் பூவோடு, மணியடித்துக்கொண்டு, நேரே என்னைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வருகிறார். இந்த இடத்தில் ஒரு யோக்கியன் என்ன செய்திருப்பான்? "மன்னிக்கணும், தாள் மாறிப்போச்சு" என்றிருப்பான். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "இவர் இறந்தவரின் தம்பி. இரட்டைப் பிறவி."

"அட, டபுள் ஆக்ட்டு!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். விசில் பறந்தது. சைக்கிள்காரர் கல்லறைத் தோட்டத்தில் போய் இறங்கி ஒரு கல்லறையில் பூவை வைத்து முழங்காலிட்டார். "அண்ணனின் கல்லறையில் தம்பி" என்றேன். பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சினார்கள். அத்தோடு எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. இனிமேல் படத்தையே பார்த்துச் சொல்லலாம், இந்தத் தாள் எனக்கு எதற்கு என்று மடித்துப் பையில் வைத்தேன். டார்ச்சை மட்டும் அணைக்க மறந்துவிட்டேன்.

அந்த வீட்டுக்கு ரொட்டிக்காரன் ஒருவன் தினமும் ரொட்டி கொண்டுவந்தான். நான் மருமகள் என்று சொல்லி வைத்திருந்த பெண் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"புருசன் பக்கத்துல உக்காந்திருக்கான், இவ இளிக்கிறா பாரு" என்றது பெண்கள் பக்கம்.

சாமியாரின் இருமல் கேட்டது. இழுத்துப் பிடிக்கவேண்டிய பொறுப்பு என்னுடையது. "அந்த ரொட்டிக்காரர் அவளுக்கு உடன்பிறவா அண்ணன்" என்று அறிவித்தேன். ஹால் அமைதியானது. அடுத்த காட்சியில் உடன்பிறவா அண்ணன் கடைக்குப் பின்னால் அவள் கையைப் பிடித்தான். அதற்கடுத்த காட்சியில் கோயில் மணி அடித்தது. அவள் வெள்ளை கவுன் போட்டு முக்காடிட்டு நடந்து வந்தாள். நான் புருஷன் என்று சொன்னவனே அவள் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் கூட்டிப்போய் ரொட்டிக்காரன் கையில் ஒப்படைத்தான்.

"அடப் பாவி!"

"அண்ணன்னு சொன்னியேடா!"

"என்னய்யா படம் இது? கோயிலுக்குள்ள போட்டுக்கிட்டு!"

நாற்காலிகள் நகர்ந்தன. என் மூளையில் கடைசியாக ஒரே ஒரு வழிதான் பாக்கி இருந்தது. "பயப்பட வேண்டாம்" என்றேன் மைக்கில். "முதல் திருமணம் செல்லாது என்று ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்துவிட்டது."

"யாருக்குடா வந்துச்சு?" என்று சாமியார் எழுந்தார். "ஏலே அமலு, வெளிய வாடா! லைட்டப் போடுங்கப்பா!"

யாரோ போர்வைகளை இழுத்துவிட, மூன்றரை மணி வெயில் உள்ளே கொட்டியது. எரிகிற டார்ச்சோடு நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பாலு அண்ணன் புரொஜெக்டரை விட்டுவிட்டு ஓடி வந்தார். "காலைல குடுத்த பேப்பர் எங்கடா?" என்றார். அது எங்கள் வீட்டுக் கொடியில், சட்டையோடு சேர்ந்து காய்ந்துகொண்டிருந்தது.

சூசை வாத்தியார் மெதுவாக எழுந்து என் முன்னால் வந்தார்.

"ரெண்டு தடவ பாத்தேன்னு சொன்னீங்கள்ல மாப்ள?"

"ஆமா மாமா." (அப்போதும் ஆமாம் என்றுதான் சொன்னேன். என்னைத் திருத்த முடியாது.)

"ரெண்டு தடவயும் அந்தாளு செத்தானா?"

முந்நூறு பேர் சிரித்த சிரிப்பு மலைக்கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நேராகப் பங்கு அலுவலகத்துக்குள் நடந்தார். மூன்றாம் ஓலைக்கு ஒரு வாரம் இருந்தது.

சாமியார், பாலு அண்ணன், ரெஜினா, நான் எல்லோரும் பின்னாலேயே போனோம். வாத்தியார் மேஜைமேல் இருந்த ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த எழுத்தை என் கண்ணால் பார்த்தேன். ஒன்று, பையன் படத்தைப் பார்த்ததாகச் சொன்னான். இரண்டு, பார்க்கவில்லை. மூன்று, பிடிபட்ட பிறகும் பார்த்தேன் என்றான். எனவே, தடை.

சாமியார் அதை வாங்கிப் படித்தார். "வாத்தியாரே, திருச்சபைச் சட்டத்துல தடைன்னு ஒரு பட்டியல் இருக்கு. சினிமா அதுல இல்ல. பொய் சொன்னா பாவம். பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்புக் கேக்கச் சொல்லலாம். கல்யாணத்த நிறுத்த முடியாது."

"எனக்கு இருக்கிறது ஒத்தப் பிள்ள சாமி. வாய் கூசாமப் பொய் சொல்றவன் கையில எப்படிக் குடுப்பேன்? நாளைக்கு அவ என்ன பாடு படுறான்னு இந்தாளச் சொல்லச் சொன்னா நல்லா இருக்கான்னு மைக்ல சொல்லுவாரு."

அந்த மனிதர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ரெஜினா கைவிட்டுப் போகப்போகிறாள் என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

அப்போது அவள்தான் வாயைத் திறந்தாள். அவள் பேசுவதை நான் அவ்வளவு பக்கத்திலிருந்து கேட்டது அன்றைக்குத்தான்.

"பாலு அண்ணே, படப்பெட்டி இன்னும் இங்கதான இருக்கு?"

"நாளைக்கு வரைக்கும் இருக்கும்மா."

"அப்ப நாளைக்குச் சாயங்காலம் திரும்பப் போடுங்க. சரியான கதைய நான் வாசிக்கிறேன். இவர் எங்கப்பா பக்கத்துல உக்காந்து வாய மூடிக்கிட்டுப் படத்தப் பாக்கட்டும். மிச்சத்தப் பொறகு பேசிக்கலாம்." பிறகு என்னைப் பார்த்து, "பாத்தேன்னு சொன்னதுக்கு ஒரு தடவயாச்சும் பாருங்க" என்றாள்.

திங்கட்கிழமை நாற்பது பேர்தான் வந்தார்கள். ரெஜினா திரைக்குப் பக்கத்தில் நின்று, படத்தைப் பார்த்துப் பார்த்து, மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்கிற குரலில் வாசித்தாள். அன்றுதான் எனக்கே கதை தெரிந்தது. சவப்பெட்டியில் இருந்தது அம்மா. அப்பாவுக்கு அந்தச் சாவுக்குப் போக மனசு வரவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். வந்து இறங்கியவர்கள் அண்ணனும் தங்கையும். பூவோடு அந்தக் கிழவர் சைக்கிளில் போனது மனைவியின் கல்லறைக்கு. அப்பாவைத் தனியே விடமுடியாது என்று தங்கை ரொட்டிக்காரனிடம் முடியாது என்கிறாள். அண்ணன்தான் பேசிப் பேசி அவளைக் கட்டிக்கொடுக்கிறான். நான் போட்ட கூச்சலில் முந்தைய நாள் யாரும் பார்க்காத கடைசிக் காட்சியில், எல்லோரும் போனபிறகு அப்பா தனியாக அடுப்பைப் பற்றவைத்துச் சூப் வைக்கிறார். ஒரு தட்டு எடுத்து வைத்து உட்கார்கிறார். அவ்வளவுதான் படம்.

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. பக்கத்தில் வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். விளக்குப் போட்ட பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"நேத்துக் கதைதான்யா நல்லா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே இரண்டு பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

வாத்தியார் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்தாளு சூப்புக்கு உப்புப் போடல. பாத்தீங்களா?"

"பாத்தேன் மாமா." இந்தத் தடவை உண்மையாகவே பார்த்திருந்தேன்.

"இவ போனபிறகு நானும் அப்படித்தான் மறந்துருவேன்."

பொய் சொல்கிற மாப்பிள்ளை ஒரு காரணம்தான், ஆனால் முழுக் காரணம் அது இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. "மாமா, நாங்க தனியா வீடு பாக்கப் போறதில்ல. நீங்க எங்க கூட வந்துருங்க" என்றேன். அதை நான் யோசித்து வைத்திருக்கவே இல்லை. அவர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். அந்த வாக்கியத்துக்கு ஸ்டெப் சரியாக இருக்கிறதா என்று தேடியிருப்பார். எழுந்து சாமியார் அறைப் பக்கம் போய், "ஓலைய வாசிங்க சாமி" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸுக்கு நடந்தார்.

கல்யாணத்துக்கு ஆறாவது மாதம் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். இன்றும் இருக்கிறார். எண்பது தாண்டியாகிவிட்டது. நான் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து தாமதமாக வந்து ஒரு காரணம் சொன்னால் ரெஜினா, "ரெண்டு தடவயும் செத்தானா?" என்று கேட்பாள். என் மகளுக்கும் அது தொற்றிவிட்டது. மார்க் குறைந்ததற்கு அவள் சொல்கிற காரணத்தை நான் நம்பாவிட்டால், "இது நெசம்ப்பா, ஒரு தடவதான் செத்தான்" என்கிறாள். இதைவிட மோசம் ஒன்று உண்டு. எங்கள் பங்கில் யாராவது இறந்த சேதியை நான் போனில் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. இறந்தவர் வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்த பிறகுதான் மாலை வாங்கப் போகிறார்கள்.

போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா சொன்னார்: "மாப்ள, நான் போகும்போது நீங்க மைக்கப் பிடிக்காதீங்க. ஒரு பய நம்ப மாட்டான். இப்ப சைக்கிள்ல வந்துருவாருன்னு எல்லாரும் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

என் மகள் சிரித்தாள். ரெஜினா சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே, "யாரும் நம்ப வேணாம் மாமா. நானும் வாசலத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றேன்.

ஏனோ அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. மாமா என் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மாப்ளைக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வையி" என்றார்.